பழனிவேல் துடைத்த மூடுபனி

1

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்புக் கூடத்தில் பதினோரு அடி அகலத்துக்கு ஓர் ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். லண்டன் பாலம் ஒன்றின் படம். நூறு வருடங்களுக்கும் முன்னால் ஒரு பிரெஞ்சு ஓவியர் ஹோட்டல் அறையின் ஜன்னலருகே நின்று வரைந்தது. இது அதன் நகல். மூலப்படத்தில் பாலம் பாதிதான் தெரியும். மீதியை மூடுபனி எடுத்துக்கொண்டுவிடும். சூரியன் ஒரு மஞ்சள் கறை. அக்கரைப் புகைபோக்கிகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே பார்ப்பவரின் பாடு.

மண்டபத்துப் படத்தில் பனி இல்லை. பாலத்தின் வளைவுகளை எண்ணலாம். எதிர்க்கரைக் கட்டடங்களுக்கு ஜன்னல்கள் உண்டு. வானம் நீலமாக இருக்கிறது.

கீழே பித்தளைத் தகட்டில் மூன்று மொழிகளில் ஒரு குறிப்பு: 'பாலத்தை அல்ல, பாலத்தை மூடிய பனியை வரைந்த ஓவியம் இது.' தமிழ் வாசகம் என்னுடையது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் முழுவதும் படத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. தகட்டை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்திப் படத்தையும் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்து, இரண்டு பேர். 

இந்த மாதத்தோடு நான் கோலாலம்பூர் வந்து பத்தொன்பது வருடம் முடிகிறது. வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று ஊர் நண்பர்கள் இன்னமும் கேட்கிறார்கள். பொதுவாகப் பேசி யாருக்கும் பயனில்லை. இந்தப் படத்தின் கதையை எழுதுகிறேன்.

2

திருச்சியில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது தொழில். அதில் ஒரு திமிர் வரும். அது எனக்கு வந்து, போகவில்லை. கோலாலம்பூரில் செந்தூலைச் சேர்ந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். இங்கிருந்த தமிழ்ப் பத்திரிகைகளுக்கு என் தேவை இருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு இருந்தது. சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது, பெரிய அளவில் படம் அச்சிடுவது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்யும் கடை. வாசகம் எழுதுவது என் வேலை. விசா புதுப்பிக்கப் போனபோது படிவத்தில் தொழில் 'எடிட்டர்' என்று எழுதினேன். எந்தப் பத்திரிகை என்று கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டார். படச்சட்டக் கடை என்றேன். அவர் என்னையும் என் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஊருக்கு நான் அனுப்பிய படங்களில் பின்னணியில் எப்போதும் இரட்டைக் கோபுரம் இருந்தது. கடை இருந்ததில்லை.

கடையில் என் மேசைக்கு மூன்றடி தள்ளி பழனிவேல் உட்கார்ந்திருப்பார். அறந்தாங்கிப் பக்கம். ஐம்பதை நெருங்குகிறவர், அதிகம் பேசாதவர். என்னை அண்ணே என்பார். இறந்தவர்களின் படத்தைச் சரிசெய்வது அவர் வேலை. கருமாதிக்குள் படம் தயாராக வேண்டும் என்று குடும்பத்தார் வருவார்கள். கையில் இருப்பது அடையாள அட்டைப் படமோ, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவோ. பழனிவேல் அதிலிருந்து ஆளைப் பிரித்தெடுப்பார். தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை நீக்குவார். மூடியிருந்த கண்ணைத் திறப்பார். பனியனோடு நிற்பவருக்குக் கோட் போட்டுவிடுவார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் செத்துப்போன ஆண்கள் அத்தனை பேரும் ஒரே தையல்காரரிடம் கோட் தைத்துக்கொண்டவர்கள் போல இருப்பதற்கு அவர்தான் காரணம்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "கிளியரா வேணும் அண்ணே." அதனால் எங்கள் வேலைச்சீட்டில் 'டச்-அப்' என்ற கட்டத்தில் டிக் அடித்தே அச்சிட்டு வைத்திருந்தார் முதலாளி சிவா. அந்தக் கடையில் மங்கலான எதுவும் குறைதான். குறையை எடுப்பதுதான் வேலை.

பழனிவேலின் வேலை பெர்மிட் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். ஒரே ஒரு வருடம் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த மகள் நர்சிங் கடைசி வருடம். கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்து சிவாவின் மேசையில் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

3

மண்டபத்தின் சொந்தக்காரர் ஒரு டத்தோ. ஊர் வாசகர்களுக்காக: இது இங்கே அரண்மனை கொடுக்கும் பட்டம். கிடைத்தபின் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன்.

அவர் கடைக்கு வந்த வாரம் புகைமூட்டம். அண்டை நாட்டில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நெருப்பு வைத்தால் எங்களுக்கு இருமல் வரும்; பல வருடங்களாக இதுதான் ஏற்பாடு. கடை வாசலிலிருந்து எதிரே மோனோரயில் தூண்கள் தெரியவில்லை. டத்தோ முகக்கவசத்தைக் கழற்றினார், தொண்டையைச் செருமினார், இந்தப் புகை மட்டும் இல்லாவிட்டால் நம்ம நாடு சொர்க்கம் என்றார். பிறகு உட்கார்ந்து, லண்டன் போயிருந்தபோது மியூசியத்தில் பார்த்த பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்படியே பனி லா. ஒண்ணுமே தெரியல. என்னா அழகு தெரியுமா? என் வைஃப் பத்து நிமிசம் அசையாம நின்னாங்க." அந்த 'லா' இங்கே எந்த வாக்கியத்தின் வாலிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

லண்டன் மூடுபனியில் பாதி நிலக்கரிப் புகை. புகைபோக்கிகள் கக்கியது. அந்த ஊர்க்காரர்களும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்க வந்த வெளியூர் ஓவியருக்கு அது அழகாக இருந்தது. இதை டத்தோவிடம் சொல்லவில்லை. முகக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பனியைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல வருடத்துக்குப் பிறகு எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

மியூசியமே பொதுவில் விட்டிருந்த படக்கோப்பை அவருடைய ஆள் அனுப்பினார். தகட்டு வாசகம் எழுதிக் கொடுத்தேன். அது செராஸில் ஒரு பட்டறைக்குப் போய், அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போனது. கோப்பு பழனிவேலிடம் போனது, டிக் அடித்த வேலைச்சீட்டோடு. டத்தோ வந்தபோது அவர் சாப்பிடப் போயிருந்தார்.

திரையில் படத்தைத் திறந்துவிட்டுப் பழனிவேல் கேட்டார், "அண்ணே, இது என்ன படம்?"

நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன், "லண்டன் பாலம்."

பத்திரிகைக்காரனின் பதில். ஒரு எழுத்துப் பிழையில்லை.

4

புதன்கிழமை காலை அச்சடித்த கேன்வாஸைத் தரையில் விரித்தார்கள். பழனிவேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகச் சுற்றி வந்தார். நான்கு நாள் வேலை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரொம்ப அழுக்கேறிக் கெடந்துச்சுண்ணே. கெளற கெளற வந்துக்கிட்டே இருக்கு. இங்க பாருங்க, பாலத்து மேல வண்டி போகுது. குதிர வண்டி. இதெல்லாம் அங்கேயே யாரும் பாத்துருக்க மாட்டாங்க."

உண்மையிலேயே குதிரை வண்டி போனது. ஓவியர் இரண்டு தீற்றலில் விட்டதைப் பழனிவேல் சக்கரத்தோடும் கடிவாளத்தோடும் முடித்திருந்தார். ஆற்றில் கட்டடங்களின் நிழல் விழுந்தது. சூரியன் வட்டமாக இருந்தது. புகைபோக்கிகள் இருந்தன, புகை இல்லை. திறமையான வேலை. மூடியிருந்த ஒரு கண்ணைத் திறந்துவைத்திருந்தார், அவ்வளவுதான்.

சிவா வந்து பார்த்தார். மலேசியாவில் பிறந்தவர், அப்பா ரயில்வேயில் இருந்தவர், எளிதில் கத்தமாட்டார். அன்றும் கத்தவில்லை. ஸ்டோரில் கேன்வாஸ் இருக்கிறதா என்று கேட்டார். அந்த அகலத்தில் ஒரு சுருள்தான் வரவழைத்திருந்தோம். அடுத்தது வர பத்து நாளாகும். டத்தோ வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"என்ன பாஸ் தப்பு?" என்றார் பழனிவேல்.

"உனக்குச் சொன்னா புரியாது லா. ஃபிரைடே டத்தோ வரட்டும். ஓகேன்னா ஓகே. வேணாம்னு சொன்னா லெட்டர் இல்ல. நீ ஊருக்குப் போயிரு."

பழனிவேல் என்னைப் பார்த்தார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுபோல நான் கையைக் காட்டினேன். அப்புறம் பேசவில்லை. எப்படிச் சொல்வது? உலகம் கொண்டாடும் ஒரு படத்தின் உயிரை நான்கு நாள் உழைத்து எடுத்துவிட்டீர்கள் என்றா? கேன்வாஸ் இல்லை, செய்வதற்கு எதுவுமில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். புதன் முழுக்கவும் வியாழன் முழுக்கவும் அவர் வழக்கம்போலச் செத்தவர்களுக்குக் கோட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் டத்தோவிடம் சொல்ல ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

5

வெள்ளிக்கிழமை டத்தோ வந்தார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அவர் கிட்டப் போனார், தள்ளி வந்தார், தலையைச் சாய்த்தார். ஏதோ இடிக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் எது என்று சொல்லிவிட்டால் மியூசியத்தில் தான் பார்த்தது சரியாக நினைவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயமும் தெரிந்தது. பட்டம் வாங்கியவர்களிடம் இந்தப் பயத்தை அடிக்கடி பார்க்கலாம்.

"அங்க பாக்கறப்ப கொஞ்சம் மங்கலா இருந்த மாதிரி..." என்றார்.

சிவா என்னைப் பார்த்தார். பழனிவேல் தன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் கடிதம்.

"அது அழுக்கு டத்தோ," என்றேன். "நூறு வருசத்துக் கரிப்புகை. மேலே படிஞ்சு போச்சு. நாங்க அத எடுத்துட்டோம்."

பதினோரு வருடம் அடுத்தவர் பொய்யைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். என் சொந்தப் பொய் எவ்வளவு நேர்த்தியாக வந்தது என்று கேட்டுக்கொண்டே சொன்னேன்.

டத்தோவின் நெற்றி விரிந்தது. "க்ளீன் பண்ணிட்டீங்க."

"ஆமா டத்தோ."

"அங்க இருக்கறது க்ளீன் பண்ணாதது."

"ஆமா."

"அப்ப இதுதான் லா ஒரிஜினல்," என்று முடித்துவிட்டார் டத்தோ. அவ்வளவு தூரம் நானே போயிருக்கமாட்டேன்.

அவர் காருக்குப் போனதும் சிவா கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஊதி, பழனிவேலிடம் கொடுத்தார். பழனிவேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒரு கும்பிடு. அன்று மாலை ஸ்டேஷனுக்கு நடந்தபோது, இவ்வளவு முட்டாள்களுக்கு நடுவில் ஒரு ஆளின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு சுகமாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

6

ஞாயிறு மதியம் திறப்பு விழா. என் மகள் யாழினியையும் கூட்டிப் போயிருந்தேன். பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ரொம்பவும் பாசம் வந்தால் நடுவில் இரண்டு தமிழ் வார்த்தை போடுவாள். தமிழ் படிக்கத் தெரியாது. என்னிடமிருந்து கிண்டலை மட்டும் வாங்கிக்கொண்டாள், மொழியை வாங்கவில்லை. அவள் தகட்டின் ஆங்கில வாசகத்தைப் படித்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் தகட்டைப் பார்த்தாள்.

"அப்பா, ஃபாக் எங்க?"

அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவளிடமும் அதே பதில்தான்.

டத்தோ மேடையில் மூன்று மொழியிலும் பேசினார். லண்டனில் இந்தப் படம் அழுக்காக இருக்கிறது, கிள்ளானில் சுத்தமாக இருக்கிறது, நம்மவன் கைபட்டால் எதுவும் துலங்கும் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் எழுந்து நின்றே தட்டினார். எதற்கு எழுவது என்பதில் அவருக்கு எப்போதும் தெளிவு உண்டு. பிறகு நம் வழக்கப்படி பொன்னாடைகள். டத்தோவுக்கு ஆறு, சிவாவுக்கு ஒன்று. லண்டனைத் துடைத்த கலைஞர் என்று பழனிவேலையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணவில்லை. தேடிப் போனவர்கள் அவரை முகப்புக் கூடத்தில் கண்டுபிடித்தார்கள். தகட்டின் முன் குனிந்து நின்றுகொண்டிருந்தாராம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

மேடையில் பொன்னாடையைப் போட்டபோது அவர் டத்தோவின் காதருகே ஏதோ சொன்னார். டத்தோ பெரிதாகச் சிரித்து, அவர் முதுகில் தட்டி, மைக்கில் சொன்னார்: "தப்பா எதுனா செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு சொல்றாரு. பாருங்க, எவ்ளோ அடக்கம்." மறுபடியும் கைதட்டல்.

ரயிலில் நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். யாழினி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பழனிவேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னாடையை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார். ஷா ஆலம் தாண்டியதும் கேட்டார்:

"தகட்டுல இருக்கறது நீங்க எழுதுனதாண்ணே?"

"ஆமா."

"அப்ப அது அழுக்கு இல்ல."

"இல்ல. பனி. அதத்தான் அவர் வரைஞ்சாரு."

தலையாட்டினார். "டத்தோகிட்ட நீங்க சொன்னது எனக்காக. அது புரியுது. அவருகிட்ட வேற என்னத்தச் சொல்றது? எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

கேன்வாஸ் இல்லாததைச் சொன்னேன். அச்சடித்தது அடித்ததுதான், சொல்லியிருந்தாலும் உங்களுக்கு மனக்கஷ்டம்தான் மிஞ்சியிருக்கும் என்றேன். என் காதுக்கே அது தலையங்கம் போல ஒலித்தது.

"கேன்வாஸ் எதுக்கு?" என்றார் பழனிவேல். கோபமே இல்லை, வேலையைப் பற்றிப் பேசும் குரல். "அதே துணி மேல போட்டுருக்கலாம். வெள்ள, கொஞ்சம் ஊதா, ஒரு பொட்டு மஞ்சள். தண்ணியா கரைச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தணும். கம்ப்யூட்டர்ல உக்கார்றதுக்கு முன்னாடி பதினாலு வருசம் பிரஷ் புடிச்சவன் நான். கட்-அவுட்டு, சினிமா பேனரு, கோயில் செவரு, எல்லாம். புதன்கெழம காலைல சொல்லியிருந்தா, வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தப் பனிய அப்படியே திருப்பி வச்சிருப்பேன்."

ஆறு வருடம் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைக்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பத்திரிகையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் கேள்வி அது.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினோம். எங்களுக்குச் செந்தூல் வண்டி பிடிக்க வேண்டும், அவருக்கு நடைதான். பெர்மிட் கடிதத்தை நாளைக் காலையில் கொடுத்துவிடலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம். நானே போய்க் குடுத்துக்கறேன்," என்றார். யாழினிக்குக் கை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வரேன் சார்," என்றார்.